என் பங்குக்கு ஐந்து தோட்டா

நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். வயதும் ஆகிவிட்டது, முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். சில முகம் ஞாபகம் இருக்கிறது, சொன்ன சொல் மறந்துவிடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த இரண்டு நாள் துப்பாக்கி வகுப்பில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பேச வராததால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வந்த பிறகு ஒரு கல் கம்பெனியில் சம்பளப் பணம் கொண்டுபோகிற வண்டிக்குக் காவலாகப் போனார். அதற்காக லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினார். அந்தக் கம்பெனி மூடிய பிறகும் பிஸ்டல் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதை வைத்து அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. அது வெளியே போவதெல்லாம் தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊராட்சி, சட்டமன்றம், பாராளுமன்றம் என்று ஒன்றுவிடாமல் எங்கள் வீட்டு பிஸ்டல் துண்டில் சுற்றிப் போய்வந்தது. ரசீதைப் பத்திரப்படுத்துவது என் வேலை. திரும்பி வந்ததும் துடைத்து எண்ணெய் போடுவதும் என் வேலை. அவருக்குக் கண் மங்கிய பிறகு முழுக்க நான்தான் செய்தேன். பிரிப்பதெல்லாம் கிடையாது. மேலே தெரிகிற இரும்பைத் துணியால் துடைத்து, தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயையே நாலு சொட்டு விடுவேன்.

அவர் இறந்ததும் அதைச் சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்பில் வைக்கச் சொன்னார்கள். வாரிசு யாராவது லைசென்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்தால் அவர் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று அரசாங்கத்திடம் ஒப்படைப்பதற்கும் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் ஓசூரில் இருக்கிறாள், அவள் எதற்கும் கையெழுத்துப் போடுவாள். மகன்தான் போடமாட்டான். அவனுக்கு அது வேண்டும்.

ஏன் அவனுக்குப் போகக்கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மகன் கெட்டவன் இல்லை. லாரி வைத்திருக்கிறான், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான், என்னை ஒருநாள் பட்டினி போட்டதில்லை. ஆனால் கோபம் வந்தால் அவன் அவனாக இருக்கமாட்டான். அவன் அப்பா உயிரோடு இருந்தபோது பங்காளியோடு வரப்புத் தகராறு வந்தது. கைகலப்பில் உதடு கிழிந்து, ரத்தம் சட்டையில் ஒழுக ஓடிவந்தவன், நேராக டிரங்குப் பெட்டியைப் போட்டு உலுக்கினான். "சாவி எங்கம்மா? சாவி எங்க?" என்று கத்தினான். சாவி என் இடுப்பில் இருந்தது. அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். அவன் கடப்பாரை தேடிப் பின்பக்கம் போன நேரத்தில் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பூட்டு நல்ல பூட்டு, உடையவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனையோ சின்னப் பொய்களை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யை மட்டும் நான் சொன்னதேயில்லை. அது எனக்குப் பாவமாகப் படவில்லை.

அவருடைய வருஷ பூசை முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் பேச்சை எடுத்தான்.

"அப்பாவோட பிஸ்டல நான் எம்பேருக்கு மாத்திக்கறன். அம்மாவும் தங்கச்சியும் கையெழுத்து போட்டுருங்க."

போடமாட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் உன் கையில் கொடுக்க எனக்குப் பயம் என்று பெற்ற தாய் எப்படிச் சொல்வாள்? நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "அது எனக்கு வேணும்பா" என்றேன்.

பந்தியே சிரித்தது. "உனக்கா? எலிக்கு மருந்து வெக்கவே பயப்படுவியேம்மா நீ" என்றான் மகன்.

"உங்கப்பாவோடது. எங்கிட்ட இருக்கட்டும்."

"சும்மா குடுக்க மாட்டாங்க. ட்ரெயினிங் போவணும். நெசமா சுடணும், தெரியுமா?"

"போறன்."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கம்மா நெசமா சுட்டுட்டு வந்தா, அன்னிக்கே நான் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போட்டுத் தரேன். சுடலன்னா அது எனக்கு. அப்பறம் அம்மா அழுவக்கூடாது."

சம்மதம் என்று தலையாட்டினேன். அவனிடம் எத்தனை குறை இருந்தாலும், சபையில் சொன்ன சொல்லை மாற்றமாட்டான். அதை நம்பித்தான் நான் போனேன்.

வகுப்பு நடந்த இடம் நல்லம்பள்ளி தாண்டி தொப்பூர் போகிற வழியில், பாறை எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி. மூன்று பக்கமும் கல் சுவர் மாதிரி நிற்கும். எதிரே மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, அதில் பெஞ்சுகள், இரும்பு அலமாரி. துப்பாக்கிக் கிளப்பு ஒன்று அதை நடத்துகிறது. கணவாயில் இறங்குகிற லாரிகளின் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் இறங்கி, சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஆண்கள். நான் உள்ளே போனதும் ஒருவர், "டீ கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, படிக்க வந்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவரே புரிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். தொழில் தெரிந்தவர், அதில் குறை சொல்லமாட்டேன். முதல்நாள் காலையில் நாலு கட்டளை சொன்னார். துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருக்கிறது என்றே நினைத்துக்கொள். சுடக்கூடாத எதன் பக்கமும் அதன் முனையைத் திருப்பாதே. சுடப்போகிற நொடி வரைக்கும் விசையில் விரல் வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். ஞானோபதேசம் படிக்கிற காலத்தில் கேள்வியும் பதிலுமாக நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தவள் நான். நாலு கட்டளை எனக்கு ஒரு பொருட்டா? இரண்டாம் முறை அவர் சொல்லும்போதே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். என் பக்கத்துப் பெஞ்சில் கழுத்திலும் கையிலும் தங்கம் போட்ட ஒருவர் இருந்தார். நிலம் வாங்கி மனை போட்டு விற்கிறவர். மனைக்காரர் என்று எழுதுகிறேன். அவருக்கு இரண்டு கட்டளை வந்தது, மூன்றாவதற்கு மேலே தகரத்தைப் பார்த்தார். "பரவால்ல, தெரிஞ்ச வரைக்கும் போதும்" என்று மாஸ்டர் உட்கார வைத்தார். அடுத்தது நான். எழுந்து நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தயாராக நின்றேன்.

"அம்மாவ வுட்ருவோம், பாவம்" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் ஆள் இல்லாததால் கரும்பலகைக்கே திரும்பிப் போய்விட்டார்.

நான் நின்றது நின்றபடி இருந்தேன். பிறகு உட்கார்ந்தேன். நாலும் என் வாயிலேயே இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சரியாக ஞாபகமில்லை, கையில் எடுத்துப் பழகுவதற்கு ஆளுக்கு ஒரு காலி பிஸ்டல் கொடுத்தார்கள். அப்படிப் பழகக் கிளப்பில் ஒதுக்கியிருந்தது நாலுதான், முறை வைத்துக் கொடுத்தார்கள். மனைக்காரர் அதைக் கையில் வாங்கினார், என் பக்கம் திரும்பினார், நேராக என் நெஞ்சுக்கு நீட்டினார்.

"ஆயா! கையத் தூக்கு! கம்மலக் கழட்டு!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. காலிதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் காலி என்று நினைக்காதே என்று ஒருமணி நேரத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த வாய், "அண்ணே, வெளயாட்டெல்லாம் வேணாம்ண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னது. அவ்வளவுதான். அதையே மாஸ்டருடைய நெஞ்சுக்கு யாராவது நீட்டியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். என் நெஞ்சு என்றால் விளையாட்டு.

"கோச்சுக்காதீங்க ஆயா" என்றார் மனைக்காரர். "லாரி வெச்சிருக்காரே, அந்த அண்ணனோட அம்மாதான நீங்க? அண்ணன் நமக்கு ரொம்ப வேண்டியவரு. டெய்லி டீக்கடையில ஒண்ணாத்தான் ஒக்காருவோம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மத்தியானம் பிரித்துத் துடைக்கிற பாடம். தோட்டா அடுக்குகிற மேகசினை வெளியே எடு, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார், விரலாலும் தடவிப் பார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றினால் உள்ளே குழலும் ஸ்பிரிங்கும் தனியாக வரும். கம்பியில் பிரஷ் மாட்டிக் குழலுக்குள் விட்டு எடுக்க வேண்டும், பிறகு துணி. துணி வெள்ளையாக வருகிற வரைக்கும். பிறகு எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. இத்தனை வருஷம் வெளித்தோலை மட்டும் துடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த வேலை பிடித்தது. பழைய தையல் மெஷினைப் பிரித்து மாட்டுகிறவள் என்பதால் எது எங்கே உட்காரும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"வூட்ல இருந்தப்ப என்ன எண்ணெய் போட்டீங்கம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"தேங்காண்ணெய்ங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அது உள்ளே போய்ப் பிசினாகிவிடும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுடும்போது பாகம் சிக்கிக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மார்கழிப் பனியில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய் இரும்புக்குள் போனால் மட்டும் உறையாதா? எனக்கே தோன்றியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் இருந்தவர்தானே, ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று அவர் மேலும் கொஞ்சம் கோபம் வந்தது.

இரண்டாம் நாள் சுடுகிற நாள். மூன்று மூன்று பேராக நிற்க வேண்டும், ஆளுக்கு ஐந்து தோட்டா. காதுக்குப் பெரிய மூடி கொடுத்தார்கள், குவாரிக்குள் இருக்கிறவர்கள் யாரும் அதைக் கழற்றக்கூடாது. சுட்டு முடித்தவர் தான் சுட்ட பிஸ்டலைத் தானே துடைத்து வைக்க வேண்டும், அதற்கும் மார்க்கு உண்டு. நான் கடைசி மூன்று பேரில் இருந்தேன். மனைக்காரரும் அதில்தான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் பயம் கூடும் என்று துடைக்கிற மேஜை ஓரமாக நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதலில் சுட்டவர்களில் ஒருவர் பிஸ்டலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காதுமூடியை ஒருபக்கம் தூக்கி, "கொஞ்சம் தொடச்சிக் குடுங்க ஆயா. பாத்தரம் வெளக்கற கை, பளபளன்னு வந்துரும்" என்றார். சரி, ஒன்றுதானே என்று எடுத்தேன். அடுத்தவர் கேட்கவே இல்லை, பக்கத்தில் வைத்துவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போனார். மூன்றாமவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று பேர் வந்தபோது அது வழக்கமே ஆகிவிட்டது. என் வீட்டில் பந்தி முடிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். நானும் துடைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்ல வரவில்லை. அறுபது வருஷமாக யார் எதை முன்னால் வைத்தாலும் கழுவி வைத்த கை.

துணி வெள்ளையாக வந்தபோது நிமிர்ந்து திரும்பினேன். எல்லாரும் காதுமூடியைக் கழற்றியிருந்தார்கள். மண்மேட்டில் குத்தியிருந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கையில் துணியோடு மாஸ்டர் பக்கத்தில் போனேன். "சாருங்க, என்னோடது?"

"உங்களோடது முடிஞ்சிதும்மா."

எனக்குப் புரியவில்லை.

"கூப்ட்டோம், நீங்க காதுல வாங்கல. நேரமாச்சி. அண்ணனே உங்க அஞ்சையும் சேத்துச் சுட்டுட்டாரு" என்று மனைக்காரரைக் காட்டினார். "பாருங்க, அஞ்சும் உள்ளாற. உங்க பேர்ல நல்ல மார்க்கும்மா. பாஸு!"

மனைக்காரர் தாளை என் முன்னால் விரித்தார். "உங்களுக்குக் கை ஆடும் ஆயா. கீழ வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? அதான் ஒரு ஒதவி."

உதவி! நான் கேட்டேனா? கூப்பிட்டார்களாம். காதை மூடச் சொன்னதும் அவர்கள், என் முன்னால் ஆறு பிஸ்டலை வைத்து நிமிரவிடாமல் செய்ததும் அவர்கள். பத்தடி நடந்து வந்து தோளைத் தொட்டுச் சொல்ல ஒருவருக்குக் கால் இல்லையா? அந்தத் தாளைப் பார்த்தேன். நடு வட்டத்தைச் சுற்றி அழகாக ஐந்து ஓட்டை. மூலையில் என் பேர். என் பேருக்குக் கீழே வேறொருவருடைய ஓட்டை.

என் மகன் கேட்டது தாளையோ மார்க்கையோ இல்லை. நெசமா சுட்டியா என்றுதான் கேட்பான். சுட்டேன் என்று அவனிடம் நான் பொய் சொன்னாலும், சாயங்காலம் டீக்கடையில் இந்த மனைக்காரர் அவன் தோளைத் தட்டி, உங்கம்மாவோடதையும் நான்தான் சுட்டேன் என்று சிரிக்கத்தான் போகிறார். அதோடு எல்லாம் முடிந்தது. அந்தப் பெட்டிச் சாவி அவன் இடுப்புக்குப் போய்விடும். அடுத்த வரப்புத் தகராறில் அவன் கடப்பாரை தேட வேண்டியிருக்காது.

இதை அவர்களிடம் சொல்ல முடியுமா? என் மகனை அத்தனை பேர் நடுவில் நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

எல்லாரையும் மேஜைக்குக் கூப்பிட்டார்கள். சர்டிபிகேட்டு ஏற்கெனவே எழுதி வைத்தாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு. அதில் ஒவ்வொருவர் பேருக்கு நேராகவும் ஐந்து தோட்டா சுட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டா கணக்கு அரசாங்கத்துக்குப் போவது, ஒருவருக்கு ஐந்துக்கு மேல் எழுதக்கூடாது. அந்த நோட்டில் எல்லாக் கையெழுத்தும் விழுந்தால்தான் அலமாரியைப் பூட்டுவார்கள். வெளியே பிரியாணி வண்டி வந்து நின்றது, எல்லாருக்கும் அவசரம். என் முறை வந்ததும் மாஸ்டர் மைப்பெட்டியைத் திறந்தார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்.

விரலை உருவிக்கொண்டேன். "எனக்குக் கையெழுத்து வருங்க" என்றேன்.

"அட, பேஷ். அப்ப போடுங்க."

"போடமாட்டேங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா?"

"நான் சுடலீங்க."

"சுட்ட மாதிரிதாம்மா. மார்க்கே போட்டாச்சி. மத்தவங்க வேணும்னு கெஞ்சறதத்தான் உங்களுக்குச் சும்மா குடுக்கறோம்."

"உங்க பங்கு பிரியாணிய நான் தின்னுட்டு, நீங்க சாப்ட்ட மாதிரிதான்னு சொன்னா உங்க வவுறு ரொம்புங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைக்காரருக்கு முகம் சுருங்கியது. "வயசான காலத்துல எதுக்கு ஆயா வம்பு? போடுங்க, எல்லாருக்கும் பசிக்குது."

"சுட்டது நீங்க. நீங்களே போடுங்க, பத்துன்னு."

பத்து என்று போட முடியாது என்று மனைக்காரருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். நான் பேனாவை மேஜையில் வைத்தேன். அலமாரிக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். கால் மணி நேரமோ அரைமணி நேரமோ, எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது. என்னென்னவோ சொன்னார்கள். பிடிவாதம் என்றார்கள், மூளை குழம்பிவிட்டது என்றார்கள், மகனுக்குப் போன் போடு என்றார்கள். ஏடிஎம்மில் காவல் வேலை பார்க்கிற ஒரு வயதானவர் மட்டும், "அந்தம்மா கேக்கறது ஞாயம்தானப்பா. அஞ்சு ரவுண்டுதான, குடுத்துத் தொலையேன்" என்றார். அவரும் எனக்காகச் சொன்னாரா பிரியாணிக்காகச் சொன்னாரா தெரியாது. இருந்தாலும் அவருக்குப் புண்ணியம்.

மாஸ்டர் கடைசியில் அலமாரியைத் திறந்து புதுப் பெட்டியை உடைத்தார். மனைக்காரர் சுட்ட என் ஐந்தையும் பழகுவதற்குச் செலவானது என்று கிளப்பின் பேரில் எழுதினார். அப்படி எழுத ஒரு வழி இருந்திருக்கிறது! அதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

போய் நின்றேன். எட்டுப் பேரும் பிரியாணிக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மேகசினில் தோட்டாவை நானே போட்டேன். நகம் வலித்தது. முதல் தோட்டா வெடித்தபோது யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி முனை மேலே போனது, தோட்டா மண்மேட்டு உச்சியில் புழுதி கிளப்பியது. "வானத்துல போற கொக்கு வுழுந்துடப்போவுது!" என்று ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்பினால் முனையும் திரும்பும்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். அதற்குள் அவருக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். "மூச்ச வுடுங்கம்மா. வெரல வெடுக்குனு இழுக்காதீங்க. பால் கறக்கற மாதிரி மெதுவா" என்றார். அது எனக்குப் புரிகிற பேச்சு. இரண்டாவதும் மண்ணுக்குத்தான் போனது. மூன்றாவது தாளின் ஓரத்தைக் கிழித்தது. நாலாவதும் ஐந்தாவதும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. புகையாலா, கோபத்தாலா என்று கேட்டால் கோபத்தால்தான்.

தாளில் மூன்று ஓட்டை. நடு வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த பிஸ்டலை மேஜைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன், துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன், ஒரு சொட்டு எண்ணெய் போட்டேன், மாட்டி வைத்தேன். மனைக்காரர் சுட்டது பக்கத்திலேயே கரியோடு கிடந்தது. அதைத் தொடவில்லை. பிறகு நோட்டில் என் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தால் அதில் பழைய மார்க்கே இருந்தது. "இது என் மார்க்கு இல்லீங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா, கூடத்தான இருக்குது."

"கொறச்சிடுங்க."

"இத்தன வருஷத்துல மார்க்கக் கொறச்சிப் போடச் சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேறு தாள் எடுத்து எழுதிக் கொடுத்தார். ஐந்துக்கு மூன்று வந்தாலே பாஸ் என்றார். பாஸ்.

நான் வீட்டுக்கு வந்தபோது மகன் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

"சுட்டியாம்மா?"

"சுட்டேன்."

"நெசமா?"

"உன் சிநேகிதக்காரர் அங்கதான் இருந்தாரு. கேட்டுக்க."

அங்கேயே போன் போட்டான், எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். மனைக்காரர் குரல் வந்தது. "யண்ணா, உங்கம்மாவா அது! எங்க எட்டுப் பேரையும் சோத்துக்கு வுடாம ஒக்கார வெச்சிட்டுச் சுட்டுச்சுண்ணா."

மகன் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உனக்கு எதுக்கும்மா அது?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்குக் காரணம் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. நான் சோற்று டப்பாவைக் கழுவ எடுத்துப் போனேன். அன்றைக்கே போடுவதாகச் சொன்னவன், அந்த இரவு சாப்பிடாமல் போய்விட்டான். ஆனால் அந்த வாரம் தருமபுரிக்கு அவனே என்னைக் கூட்டிப்போய், கலெக்டர் ஆபீசு மரத்தடியில் எழுதித் தருகிறவரிடம் தாளை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அதை ஆபீசில் கொடுத்துவிட்டு இறங்கும்போது படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. வந்து என் பேரில் நின்றதும், நான் செய்யப்போகிற முதல் வேலை அதை அரசாங்கத்திடம் ஒப்படைப்பது. அதை மகனிடம் சொல்லவில்லை. அவன் எதையும் படிக்கிறவன் இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஊரில் இப்போது என்னைத் துப்பாக்கி ஆயா என்று கேலி செய்கிறார்கள். அது எனக்குப் பெரிதில்லை. எனக்கு ஆறாதது வேறு. ஒரு நிமிஷம் நான் கூச்சப்பட்டுக் கட்டைவிரலைக் கொடுத்திருந்தால், சுடத் தெரியாத என்னிடம் சுடத் தெரியும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இப்படி எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார்கள்? அந்தக் கைகளில் எல்லாம் இன்றைக்கு நிஜத் துப்பாக்கி இருக்கிறது. இதைக் கேட்டால், பாட்டிக்கு இரக்கப்பட்டோம் என்கிறார்கள். இரக்கம் என்றால் என்னை எழுப்பி அந்த நாலு கட்டளையைக் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு அங்கே இருந்த எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். இது நான் கேட்டு நீங்கள் செய்கிற உதவி. மனைக்காரர் என் நெஞ்சுக்கு நீட்டியது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, நான் துடைத்தது ஆறா ஐந்தா, என் தாளில் இருந்தது மூன்று ஓட்டைதானா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். தாள் அந்தக் கிளப்பில்தான் இருக்கும். இரண்டுதான் என்றால் அதையும் திருத்தி எழுதிவிடுகிறேன்.